ரீச்சரிடம் ஒரு முறைப்பாடு

வில்லரேத் தேவாலயத்தின் நிலக்கீழ் அறையில் காலைச் செபம் முடிந்துவிட்டது. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல், சில குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் வகுப்பு அது. மற்றவர்கள் எழுத, ஜெனாட் யன்னலில் மிதந்திறங்கும் பனியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன கனவு, ஜெனாட்?" என்றார் சர்மிளா ரீச்சர்.

"அம்மாவைப் பற்றி ஒண்டு சொல்லலாமோ, ரீச்சர்?"

"சொல்லுங்கோ."

"இரவு நான் செபம் சொல்லேக்கையும் பிழை திருத்துறா. முந்தியெண்டால் கட்டிப்பிடிச்சுக்கொண்டு கேப்பா."

ரீச்சரும் பனியைப் பார்த்தார். "அம்மாட்டையே சொல்லலாமே?"

"நீங்கள் சொன்னால்தான் கேப்பா."

"கட்டாயம் சொல்லுறன்."

மதியம் வகுப்பு முடியும் மணி அடித்தது. வகுப்பு முடிந்தால், அம்மாவை ரீச்சர் என்று கூப்பிடத் தேவையில்லை. சர்மிளா முழந்தாளிட்டுக் கைகளை விரித்தாள்.

ஓடிவந்து கட்டிக்கொண்ட ஜெனாட், அவள் காதுக்குள் கேட்டான்:

"ரீச்சர் சொன்னாவோ, அம்மா?"