வெரேஷினின் குதிரை

அந்தக் குதிரைக்கு என்ன ஆகும்? அதை மட்டும் பார்க்காமல் விடக் கூடாது என்று நினைத்தபடியே ஷம்சாத், தம்மில் இருந்த பிரியாணியை இறக்க அடுக்களைக்குப் போனாள்.

அமெரிக்காவின் பிஸ்கட்டவே நகரில் அவர்கள் வீட்டு ஹாலில் சோவியத் இயக்குநர் வெரேஷினின் டிவிடி. வாழ்நாளில் ஆறே படம் எடுத்தவர். அதில் இரண்டை அரசாங்கமே பூட்டி வைத்ததாம். "உனக்குப் புரியாது, போர் அடிக்கும்" என்று கணவர் குத்புதீன் காலையிலேயே சொல்லியிருந்தார்.

ஏழு நிமிடம் கழித்துத் திரும்பினாள். திரையில், பனிக்கு நடுவே குதிரை அசையாமல் நின்றது.

"என்ன தைரியம் பாய்! ஏழு நிமிஷம் ஒரே ஷாட், ஒரு சத்தம் இல்ல!" நண்பர் நஞ்சுண்டன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அவரோட மொத்த கரியரும் இந்த ஒரு ஷாட்தான் நஞ்சுண்டன். டைமையே ஃப்ரீஸ் பண்ணிட்டார்! ரிமோட் எங்க? ஷம்சாத், கொஞ்சம் ரீவைண்ட் பண்ணு, இன்னொரு தடவை பாக்கலாம்."

துப்பட்டாவுக்குள்ளிருந்து ரிமோட்டை எடுத்தாள். அடுக்களைக்குப் போகும்போது படத்தை நிறுத்திவிட்டு, அதைக் கையோடு கொண்டுபோயிருந்தாள். இப்போது பட்டனை அழுத்தினாள்.

குதிரை நடக்கத் தொடங்கியது.

"வேணாங்க," என்றாள் மெதுவாக. "அந்த ஷாட் ரீவைண்ட்ல வராது."