அலாஸ்கா மட்டும் பாக்கி

கடைக் கதவில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படித்ததும் டுவெய்னுக்குக் கோபம் தலைக்கேறியது. வீடு போலத் தங்கிப் பயணம் போகும் கேரவன் வண்டிகளுக்கென ஊரில் இருந்த ஒரே கடையும் கொலம்பஸ் நகரத்துக்கு இடம் மாறுகிறதாம். உள்ளே முதலாளி டாரல் பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"ஏம்ப்பா, சொல்லாம கொள்ளாம மூட்டையைக் கட்டுறியே! இத்தனை வருஷமா உன் கடையே கதின்னு கிடந்தவன் நான்!"

"கோச்சுக்காதீங்க சார். புதுக் கடை இங்கேருந்து ரெண்டு மணி நேரம்தான்."

"ரெண்டு மணி நேரமா? என் கேரவனை, அந்த யானையை, அவ்வளவு தூரம் எவன் ஓட்டுவான்? ஞாயித்துக்கிழமை எங்க கேரவன் கிளப்புல தேர்தல். அமெரிக்காவோட அம்பது மாநிலத்தையும் கேரவன்ல சுத்தி முடிச்சவனுக்குத்தான் தலைவர் பதவி. அலாஸ்கா மட்டும் பாக்கி. இந்த நேரம் பார்த்துக் காலை வாரிட்டியே!"

டாரல் ஒரு பெட்டியைப் பிரித்துத் துழாவி, சின்ன ஸ்டிக்கர் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"இந்தாங்க அலாஸ்கா. கடைசியா ஒண்ணு இருந்துச்சு."

டுவெய்ன் ஓடிப்போய், வெளியே நின்ற தன் கேரவனின் பின்கதவில், போய் வந்த மாநிலங்களின் ஸ்டிக்கரை ஒட்டுவதற்கென்றே இருந்த அமெரிக்க வரைபடத்தில் காலியாகக் கிடந்த ஒரே இடத்தில் அதை ஒட்டித் தடவிக்கொடுத்தார்.

வண்டிக்குள் இருந்த மனைவி மார்லீன் ஜன்னல் வழியே தலையை நீட்டினாள்.

"நம்ம வீட்டையும் இந்தக் கடையையும் தவிர வேற எதையும் பார்க்காத வண்டி. நடுக்கடல்ல இருக்கிற ஹவாய்க்கு இது எப்படிப் போச்சுன்னு கிளப்புல யாராவது கேட்டா?"

டுவெய்னின் முகம் வெளிறியது.

"யாரும் கேக்க மாட்டாங்கம்மா," என்றார் கடை வாசலுக்கு வந்த டாரல். "மொத்த கிளப்புக்கும் ஹவாய் வித்தது நான்தானே!"