இடது முழங்காலில் தழும்பு

மூட்டுவலிக்குப் போட்ட இணைப்புத் திசு செல் ஊசி, பழைய தழும்பையும் சேர்த்துத் துடைத்துவிட்டது. ஓய்வுபெற்ற நடத்துனர் பாண்டுரங்கன் பூரித்துப்போனார், ஓய்வூதிய அலுவலகத்துக்கு உயிர்வாழ் சான்றிதழ் வாங்கப் போகும்வரை.

"அங்க அடையாளம் இடது முழங்கால்ல தழும்புன்னு இருக்கு. எங்க சார்?" என்றாள் குமாஸ்தா மேகலை.

"ஊசியில மறைஞ்சிடுச்சும்மா. அதான் உயிரோட உக்காந்திருக்கேனே."

"யாரோ உக்காந்திருக்கீங்க. அவருதான்னு எப்படி எழுதுறது?"

ஆத்திரத்தில் மேஜைமேல் கிடந்த பிளேடை எடுத்து முழங்காலைக் கீறினார். செல்கள் கடமை தவறவில்லை. ரத்தம் எட்டிப் பார்ப்பதற்குள் தோல் மூடிக்கொண்டது.

"பாத்தீங்களா, உங்க உடம்பே சாட்சி சொல்ல மாட்டேங்குது."

அடுத்த வாரம் அவர் மனைவி பெயருக்கு அலுவலகத்திலிருந்து இரங்கல் கடிதம் வந்தது. மனைவி வெளியே போயிருந்ததால் பாண்டுரங்கனே கையெழுத்துப் போட்டு வாங்கினார். ஒப்புகைச் சீட்டில் கையெழுத்துக்குப் பக்கத்தில் உறவுமுறை கேட்டிருந்தார்கள். கொஞ்சம் யோசித்துவிட்டு, 'கணவர்' என்று எழுதினார்.