ஆள்காட்டி

"படம் இருக்கா?"

"இல்லைங்க சார்."

"அப்புறம் எதுக்கு இவ்வளவு தூரம் வந்தீங்க?"

பறவை ஆர்வலர் சங்கச் செயலாளர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். எதிரே, கழிவுநீர்க் குளத்துப் பம்பு ஆபரேட்டர் மோட்டார் ஓடிய நேரத்தை எழுதும் நோட்டோடு நின்றார்.

அன்று ஆண்டுக் கூட்டம். போன வருடம் முழுக்க, எந்த அரிய பறவையை யார் முதலில் பார்த்தார் என்ற பட்டியல் அச்சுக்குப் போக வேண்டும். பறவை பறந்துவிடும், பெயர் நிற்கும். அதற்குத்தான் அங்கே அத்தனை அடிதடி.

"தேதி, மணி எல்லாம் எழுதி வச்சிருக்கேன் சார்." ஆபரேட்டர் நோட்டைத் தொட்டுக் காட்டினார். வலது கையின் ஆள்காட்டி விரல் பாதிதான் இருந்தது. மீதியை மோட்டார் பெல்ட் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டது.

செயலாளர் உரக்கப் படித்தார். "'மோட்டார் சரி. வால்வு ஒழுகுது. கரண்டி மூக்கு ஒண்ணு.' எங்க பாத்தீங்க, சமையல்கட்டுலயா?"

கூட்டம் சிரித்தது. செயலாளர் சொன்னால் சிரித்துவிடுவது சங்கத்தின் எழுதாத விதி.

"பேரு மட்டும் போட்டாப் போதும் சார். நான் பம்பு ரூம்ல தூங்குறேன்னுதான் வீட்டுல நினைச்சிட்டிருக்காங்க."

"நீங்க பாத்தது ஆள்காட்டிக் குருவியா இருக்கும். அதுதான் குளத்துக்குக் குளம் கத்திக்கிட்டுத் திரியும். போய் உக்காருங்க."

அடுத்த பதிவைக் கம்பீரமாக வாசித்தார்.

"கரண்டிவாயன்! நம்ம வட்டாரத்துல இருபது வருஷத்துல முதல் தடவை. இடம், கழிவுநீர்க் குளம். முதல்ல பாத்தது..." தொண்டையைச் செருமிக்கொண்டார். "அடியேன்."

திரையில் ஒரு வெள்ளைப் பறவை கரண்டி அலகோடு நின்றது. கைதட்டல் கூரையைத் தொட்டது.

ஆபரேட்டர் எழுந்தார். "சார், அன்னைக்கு நான்தானே உங்களுக்கு..."

"நீங்களும் அங்க இருந்தீங்க, இல்லேன்னு சொல்லல. இருக்குறது வேற, பாக்குறது வேற."

சங்க உறுப்பினரான நூலகர் அம்மாள் கையைத் தூக்கினார். "விதிப்படி, வெட்டாத முழுப் படத்தைக் காட்டணும். போன வருஷம் அதைச் சொல்லித்தானே என் பதிவைத் தள்ளுனீங்க?"

விதியை எழுதியதே செயலாளர்தான்.

"தாராளமா! ஓரத்துல ஏதோ மொட்டைக் குச்சி நீட்டிக்கிட்டிருந்துது, அதைத்தான் வெட்டுனேன். மடியில கனமில்லை, எனக்கென்ன பயம்?"

பறவையைத் தவிர எதையும் பார்த்துப் பழகாத மனுஷர். பட்டனைத் தட்டினார். முழுப் படம் திரையில் விரிந்தது.

குச்சியில் கிரீஸ் கறை இருந்தது. பாதியோடு நின்றுபோன அந்தக் குச்சி, நேராகப் பறவையைக் காட்டிக்கொண்டிருந்தது.

எல்லாரும் திரும்பி ஆபரேட்டரின் கையைப் பார்த்தார்கள். அவர் கூச்சத்தோடு அதைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"செயலாளர் சொன்னது சரிதான்," என்றார் நூலகர் அம்மாள். "படத்துல ரெண்டு இருக்கு, எழுதிக்கோங்க. ஒண்ணு கரண்டிவாயன். இன்னொண்ணு ஆள்காட்டி."