அப்பாவின் தீப்பெட்டி

அப்பாவின் நினைவாக அன்று கூடியிருந்த உறவினர் அனைவரும் அவருடைய தீப்பெட்டியைப் பற்றியே பேசினர். புகைபிடிக்கும் பழக்கமே இல்லாத அந்த மனிதர், முப்பது ஆண்டுகளாகச் சட்டைப் பையில் ஒரு தீப்பெட்டியோடுதான் நடமாடினார்.

மகள் தன் குழந்தையை உள்ளறையில் தூங்க வைத்துவிட்டு வந்து அமர்ந்தாள்.

“அண்ணியை அண்ணன் ஒரு நாளாவது அடுப்பு மூட்ட விட்டிருப்பாரா? அவரே சமைச்சு வெச்சிட்டு, தீப்பெட்டியையும் எடுத்துக்கிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவாரு” என்றார் சித்தப்பா.

“எனக்கும் ஒண்ணு வாய்ச்சிருக்கே! வெந்நீர் வைக்கச் சொன்னா, அடுப்பு எங்கேன்னு கேக்குது” என்று சித்தி அவரை இடித்துக் காட்டினாள். கூடமே சிரித்தது. அம்மாவும் சிரித்தாள்.

மகள் பெருமிதத்தோடு நிமிர்ந்து உட்கார்ந்தாள். “பழைய வீடு எரிஞ்சதுலேருந்தே அப்பா அப்படித்தான் சித்தப்பா. தொட்டில்ல கிடந்த தம்பியை அதுலதானே பறிகொடுத்தோம்! கரண்டு கோளாறுன்னு அப்பா சொல்லுவாரு.”

“கரண்டா?” சித்தப்பா நெற்றியைச் சுருக்கினார். “அந்த வீட்டுக்குக் கரண்டே வரலையேம்மா!”

மகள் திரும்பிப் பார்த்தாள். சற்று முன்புவரை அம்மா அமர்ந்திருந்த நாற்காலி காலியாக இருந்தது.

ஆணியில் அப்பாவின் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. ஓடிச்சென்று அதன் பைக்குள் கை விட்டுப் பார்த்தாள். தீப்பெட்டி இல்லை.

உள்ளறைக் கதவு உட்புறம் தாழிடப்பட்டிருந்தது.

“அம்மா! கதவைத் திறம்மா!”

குச்சி உரசும் ஓசை கேட்டது. பிறகு அம்மாவின் கொஞ்சும் குரல் கேட்டது.

“இங்க பாருடா கண்ணு, எவ்வளவு அழகா எரியுது!”