செல்லப் பிராணிகளுக்கு அனுமதி இல்லை

“பிரெண்டா, சீக்கிரம் பிடிங்க! அந்தம்மா தெருமுனையில காரை நிறுத்திட்டாங்க!”

கொல்லைச் சுவருக்கு மேலே நாயை நீட்டினான் டெஸ்மண்ட். பட்டன் குட்டை நாய்தான், ஆனால் சாப்பாட்டில் ஒருநாளும் குறை வைத்ததில்லை. பக்கத்து வீட்டு பிரெண்டா மூச்சு வாங்க அதைக் கட்டிப் பிடித்தாள்.

“அம்மாடியோ! என்ன ராசா, நீ பஸ் ஓட்டற சம்பளம் மொத்தத்தையும் இதுதான் தின்னுதா?”

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் அந்த வரிசை வீடுகள் எல்லாமே ஒரே வாடகை ஏஜென்சியின் கையில் இருந்தன. ஏஜென்சி என்றால் மிஸஸ் கிளெக். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இன்ஸ்பெக்‌ஷன் என்று வீடு வீடாக நுழைந்து மோப்பம் பிடிப்பாள். ஒப்பந்தத்தின் முதல் வரியே ‘செல்லப் பிராணிகளுக்கு அனுமதி இல்லை’.

டெஸ்மண்ட் ஏற்கெனவே சூடு கண்டவன். போன வீட்டில் பட்டனோடு மாட்டிக்கொண்டு, ஒரு குளிர்காலம் முழுக்க டிப்போ நண்பனின் சோபாவில் கிடந்தான். நாய் இருக்கிறது என்றால் ஊரில் ஒருத்தரும் வீட்டைக் காட்டக்கூட மாட்டார்கள். இந்த வீடும் போனால் பட்டனை யாருக்காவது கொடுத்துவிட வேண்டியதுதான்.

வாசல் மணி அடித்தது.

மிஸஸ் கிளெக் வந்ததும் வராததுமாக அடுப்படித் தரையைக் காட்டினாள்.

“அது என்ன கிண்ணம்?”

“நான் சூப் குடிக்கிறது மேடம்.”

“தரையில வச்சா?”

“முதுகுவலி. அடிக்கடி குனியணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு.”

“பட்டன்னு எழுதியிருக்கு?”

“அது எங்கம்மா எனக்கு வச்ச செல்லப் பேரு மேடம்.”

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். பேச்சை மாற்றினால் போதும் என்று டெஸ்மண்ட் படுக்கையறைச் சுவரைக் காட்டினான். மூலை முழுக்கக் கறுப்பாகப் பூஞ்சை பிடித்திருந்தது.

“இதுக்கு ஏதாவது பண்ணுவீங்களா மேடம்? ஒரே ஈரம்.”

“நீங்க மூச்சு விடறதாலதான் ஈரம் வருது.”

“அதுக்கு?”

“கொஞ்சம் குறைச்சுக்கங்க.”

அவள் அடுத்து பிரெண்டா வீட்டு மணியை அடிக்கப் போனதுதான் தாமதம், கொல்லைப்புறம் அமளிதுமளிப்பட்டது. சுவர் தாண்டி பட்டன் திரும்பி வந்தது. அதன் பின்னாலேயே பிரெண்டாவின் கிளிக்கூண்டு வந்தது. மூன்றாவது வீட்டு சைமனின் முயல்கள் இரண்டும் அட்டைப் பெட்டியில் வந்து சேர்ந்தன.

“எல்லாத்தையும் என் தலையிலயே கட்டறீங்களே!”

“உன் வீட்டைத்தான் பார்த்து முடிச்சிட்டா இல்ல? இனிமே அதைவிடப் பத்திரமான இடம் இந்த ஊர்ல ஏது ராசா?” என்று கிசுகிசுத்துவிட்டு வாசலுக்கு ஓடினாள் பிரெண்டா.

நியாயம்தான். டெஸ்மண்ட் நிம்மதியாக டீ போட்டான். பாதி குடிப்பதற்குள் மறுபடியும் மணி அடித்தது. கிளியை வாங்கிப் போக பிரெண்டாதான் வந்திருப்பாள் என்று கதவைத் திறந்தான்.

மிஸஸ் கிளெக் நின்றுகொண்டிருந்தாள்.

“உள்ள வரலாமா?”

“இப்பத்தானே பார்த்தீங்க மேடம்? வீடு அப்படியேதான் இருக்கு, எங்கேயும் ஓடிப் போகலை.”

அடுப்படியிலிருந்து அச்சு அசல் பிரெண்டாவின் குரலில் கிளி கத்தியது. “கிளெக் வர்றா! நாயைத் தூக்கு! நாயைத் தூக்கு!”

“ரேடியோ நாடகம் மேடம்.”

“என் பேரு வருதே?”

“நல்ல பேருங்க. எங்கே போனாலும் அடிபடுது.”

அதற்குள் அவன் கால்களுக்கு நடுவே ஒரு முயல் தாவி வந்தது. அதைத் துரத்திக்கொண்டு பட்டனும் வந்துவிட்டது. வந்த வேகத்தில் முயலை மறந்துவிட்டு மிஸஸ் கிளெக்கின் செருப்பு மேலேயே உட்கார்ந்து வாலை ஆட்டியது. வெட்கம் கெட்ட நாய்!

மிஸஸ் கிளெக் குனிந்து பார்த்தாள். பிறகு பக்கத்து வீட்டுப் பக்கம் பார்த்தாள்.

“இதெல்லாம் யாரோடது?”

சொல்லிவிட்டால் மூன்று குடும்பமும் தெருவுக்கு வரும்.

“எல்லாம் என்னோடதுதான் மேடம். வேற யாரையும் கேட்காதீங்க.”

“பிரெண்டா குரல்ல பேசற கிளிகூடவா?”

“சகவாச தோஷம் மேடம்.” அவனுக்குக் குரல் உடைந்துவிட்டது. “என்ன தண்டனை வேணா கொடுங்க. இவனை மட்டும் விட்டுட்டு இருக்கச் சொல்லாதீங்க. தெருவுல நின்னாலும் நானும் இவனும் சேர்ந்துதான் நிப்போம்.”

அவள் காலை மெல்ல உருவிக்கொண்டு, விறுவிறுவென்று காரை நோக்கி நடந்தாள்.

போச்சு, நோட்டீஸ் எடுக்கத்தான் போகிறாள். டெஸ்மண்ட் பட்டனைத் தூக்கி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டான். மணக்கவில்லைதான், ஆனாலும் அதன் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

திரும்பி வந்த மிஸஸ் கிளெக் தெருவின் இரண்டு பக்கமும் ஒரு நோட்டம் விட்டாள். சட்டென்று உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். கையிலிருந்த கூடையின் மூடியைத் திறந்தாள். உள்ளேயிருந்து தடித்த பூனை ஒன்று அவனை முறைத்தது.

“டெஸ்மண்ட் சார், நானும் வாடகை வீட்டுலதான் இருக்கேன். நாலு மணிக்கு எங்க வீட்டுல இன்ஸ்பெக்‌ஷன்... அதுவரைக்கும் இவனும் இங்கேயே இருக்கட்டுமே?”