முதல் ஸ்டிக்கர்

பகடையில் ஆறு விழுந்ததும் ஃப்ளெமிங் யார் முகத்தையும் பார்க்கவில்லை. நேராகப் போய் அப்பாவின் நாற்காலியில் தன்னுடைய சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டார்.

தங்கை யூட்டே தன் மஞ்சள் ஸ்டிக்கரைக் கையில் வைத்தபடியே நின்றாள். அவளுக்கு விழுந்தது வெறும் இரண்டு.

அப்பா போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. வீட்டைக் காலி செய்தாக வேண்டும். டென்மார்க்கில் ஓடென்ஸ் பக்கத்தில் பல வீடுகளில் செய்வதுபோல, பிள்ளைகள் மூன்று பேரும் பகடை போட்டுச் சாமான்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பெரிய எண் விழுந்தவர் முதலில் எடுத்துத் தன் ஸ்டிக்கரை ஒட்டுவார், அப்புறம் ஆளுக்கு ஒன்றாகச் சுற்றி வரும். மருமகள்கள் யாரும் அன்றைக்கு உள்ளே வரக் கூடாது. அவர்கள் இருந்தால்தான் சண்டை வருமாம்.

பகடை போடுவதற்கு முன்னாலேயே யூட்டே கேட்டுப் பார்த்தாள். கடைசி ஆறு வருஷமும் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தவள் அவள்தான். அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவர் கண்ணை மூடியிருந்ததை முதலில் பார்த்தவளும் அவள்தான். தனக்கு அது ஒன்று போதும், மீதி எல்லாவற்றையும் அண்ணன்கள் எடுத்துக்கொள்ளலாம் என்றாள். நடு அண்ணன் பென்ட் உடனே சரி என்றான்.

ஃப்ளெமிங்தான் ஒத்துக்கொள்ளவில்லை. முறை என்றால் முறை என்றார். இப்போது முறைப்படியே எடுத்தும் கொண்டார்.

பென்ட் பேச்சை மாற்ற நினைத்து நாற்காலியைச் சுற்றி வந்தான். அப்பா வாத்தியார் வேலையில் சேர்ந்த புதிதில் வாங்கியது.

"எழுபது வருஷம் ஆகப் போகுது. நேத்து கடையிலேருந்து இறக்கின மாதிரி நிக்குது பாரேன். இந்தக் கைப்பிடி வளைவு இன்னைக்கும் எவனுக்கும் வரல."

இதே மாதிரி ஒன்று போன மாதம் ஏலத்தில் இரண்டு லட்சம் குரோனருக்குப் போனதாகவும் சொன்னான். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். யூட்டேயின் முகம் இன்னும் சுருங்கிப் போயிற்று.

அடியில் இருக்கும், அதைச் செய்த பட்டறையின் முத்திரையை ஞாபகத்துக்கு ஒரு போட்டோவாவது எடுத்துக்கொள்கிறேன் என்று பென்ட் நாற்காலியைக் கவிழ்க்கப் போனான். ஃப்ளெமிங் சட்டென்று அதில் உட்கார்ந்துகொண்டார். அப்புறம் எல்லாம் முடிகிற வரை எழுந்திருக்கவே இல்லை. காபியைக்கூட அங்கேயே வாங்கிக் குடித்தார்.

"நாங்க ஒண்ணும் தூக்கிட்டு ஓடிட மாட்டோம் அண்ணே. ஒண்ணுக்குப் போகணும்னா தைரியமாப் போயிட்டு வா" என்றான் பென்ட்.

அடுத்த சுற்றுகளில் ஃப்ளெமிங் எடுத்தது ஒரு காபி பிளாஸ்க், ஒரு குடை, தோட்டத்து மண்வெட்டி. பென்ட் தன் முறையையே தங்கைக்கு விட்டுக்கொடுத்து, தேக்கு அலமாரியை அவள் பேருக்கு ஆக்கினான். வட்ட மேஜையும் பித்தளை விளக்கும்கூட அவளுக்கே போயின. அவள் எதையும் திரும்பிப் பார்க்கவில்லை.

கிளம்பும்போதுதான் வாயைத் திறந்தாள். ஃப்ளெமிங் நாற்பது வருஷம் சலூன் வைத்திருந்தவர்.

"ஊர்ல எல்லாருக்கும் முடிதான் வெட்டினே. எனக்கு மொட்டையே அடிச்சுட்டே அண்ணே. கிறிஸ்துமஸுக்கு என் பேர்ல தட்டு வைக்காதே. நான் வரல."

ஃப்ளெமிங் நாற்காலியைப் போர்வையில் சுற்றி வண்டியில் ஏற்றினார்.

அவர் வீடு போய்ச் சேருவதற்குள் யூட்டே அவர் மனைவி லிஸ்ஸுக்குப் போன் போட்டு அழுது முடித்திருந்தாள். லிஸ் வாசலிலேயே நின்றாள்.

"நம்ம வீட்ல உக்கார நாற்காலியா இல்ல? கூடப் பொறந்தவளை அழவெச்சுட்டு இதைத் தூக்கிட்டு வந்திருக்கீங்களே, எந்த முகத்தோட இதுல உக்காருவீங்க?"

இதில் யாரும் உட்காரப் போவதில்லை என்றார் ஃப்ளெமிங். போர்வையை எடுத்துவிட்டு நாற்காலியைக் கவிழ்த்துக் காட்டினார். அடியில் முத்திரை இல்லை. வழவழவென்று வெறும் மரம்.

லிஸ் குனிந்து தடவிப் பார்த்தாள். "டூப்ளிகேட்டா?"

"வெளிநாட்டுலேருந்து வரவழைச்சது. ஒரிஜினலை அப்பா பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடியே ஏலத்துல வித்துட்டார். நான்தான் வண்டியில ஏத்திட்டுப் போனேன். யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டார்."

லிஸ்ஸுக்கு அப்போதும் ஆறவில்லை. டூப்ளிகேட்டாகவே இருக்கட்டும், யூட்டே கேட்டது அப்பா உட்கார்ந்திருந்த நாற்காலியைத்தானே, விலையைக் கேட்கவில்லையே என்றாள்.

"அவ சும்மா வெச்சிருக்க மாட்டா. உக்கார்ற கயிறு தளர்ந்துபோச்சு, பட்டறையில கொடுத்துப் புதுசாப் பின்னணும்னு காலையிலேயே சொல்லிட்டிருந்தா. அங்க கவுத்த உடனே தெரிஞ்சிடும். ஒரிஜினல் எங்க போச்சுன்னு விசாரிப்பா. எப்ப வித்ததுன்னு ஏலக்காரங்க தேதியோட சொல்லிடுவாங்க."

"தேதி தெரிஞ்சா என்ன?"

ஃப்ளெமிங் நாற்காலியை நிமிர்த்தி, மறுபடி அதன் மேல் போர்வையைப் போட்டார்.

"புருஷனை விட்டுட்டு ரெண்டு பிள்ளைங்களோட வந்து நின்னவளுக்கு, சேமிப்புலேருந்து எடுத்தேன்னு சொல்லி அப்பா வீடு வாங்க முன்பணம் கொடுத்தாரே, அந்த வாரம் வித்தது."